ஆக்சிசனேற்றிகளுக்கான பொருள் தேர்வு

ஆக்சிசனேற்றி என்பது ஏவூர்திப் பொறியில் எரிபொருளை எரியச் செய்யும் வேதிப்பொருள். அதைத் தாங்கும் கலன், குழாய், வால்வு, அடைவளையம், மசகு ஆகியவற்றை எதனால் செய்வது என்பது பொறியின் வடிவமைப்புக்கு இணையான முக்கியத்துவம் உடையது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இசுரோ உந்துவிசை வளாகத்தில் விகாசு பொறிக்கு டைநைட்ரசன் டெட்ராக்சைடும், கடுங்குளிர் பொறிகளுக்கு நீர்ம ஆக்சிசனும் கையாளப்படுகின்றன. இவை இரண்டுக்கும் ஒரே பொருள் பட்டியல் பொருந்தாது. பொழுதுபோக்காக ஏவூர்தி செய்வோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

செறிந்த ஆக்சிசனில் கலனே எரிபொருளாகிவிடும். காற்றில் எரியாத எஃகும் அதில் எரியும். வால்வைச் சட்டென்று திறந்தால் வாயு அமுக்கப்பட்டுச் சூடேறும். அங்கே ஒட்டியிருக்கும் சிறிது எண்ணெய் பற்றிக்கொள்ளப் போதுமானது அது. செம்பு, பித்தளை, மோனெல் ஆகியவை எளிதில் தீப்பற்றுவதில்லை. தைட்டானியம் வலிமையும் எடைக்குறைவும் உடையதாயினும் நீர்ம ஆக்சிசனில் ஓர் அடி பட்டாலே பற்றக்கூடும். டெஃப்லான் பரவலாக ஏற்கப்பட்ட பொருள். ஆனால் 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிசன் கலனில் எரிந்தது டெஃப்லான் கம்பியுறைதான்.

ஆக்சிசனுக்கு நல்லதான செம்பு, செறிந்த ஐதரசன் பெராக்சைடுக்கு ஆகாது. அதைச் சிதைத்து வெப்பத்தையும் வாயுவையும் வெளியேற்றும். துருவும் அப்படியே. மாறாக, டைநைட்ரசன் டெட்ராக்சைடுக்குத் தைட்டானியக் கலன்கள் பயன்படுகின்றன. 1965-இல் அப்போலோ சோதனைக் கலன்கள் சில விரிசல் கண்டன. ஆக்சிசனேற்றி மிகத் தூய்மையாக இருந்ததே காரணம். சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடு சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது.

காரைக்கால் போன்ற காவிரிப் படுகைக் கடலோரத்தில் தட்பவெப்பமும் கணக்கில் வரும். டைநைட்ரசன் டெட்ராக்சைடு ஏறக்குறைய 21 பாகை செல்சியசில் கொதிக்கும். அங்கே ஆண்டின் பெரும்பகுதி அதைவிடச் சூடானது. ஈரக்காற்று உட்புகுந்தால் நைட்ரிக் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். கடற்காற்றின் உப்பு துருப்பிடிக்காத எஃகையும் வெளியிலிருந்து தாக்கும்.

தொழில்சாராதோர் அதிகம் நாடுவது நைட்ரசு ஆக்சைடு. இதன் மாறுநிலை வெப்பநிலை 36.4 பாகை செல்சியசு. வெயிலில் கிடக்கும் உருளை அதைக் கடந்துவிடும். அப்போது நீர்மம், வாயு என்ற வேறுபாடே மறைந்து, அழுத்தம் 72 வளிமண்டலங்களைத் தாண்டும். எண்ணெய், கரிமப் பிசின் போன்றவை இதனுடன் சேர்ந்தால் வெடிக்கலாம். 2007 சூலை 26 அன்று கலிபோர்னியாவின் மொகாவியில் பொறியை எரியூட்டாமல் நடத்திய வெறும் ஓட்டச் சோதனையில் வெடிப்பு நேர்ந்து மூவர் இறந்தனர். சோதனை நடத்திய இசுகேல்டு காம்போசிட்சு நிறுவனம் பின்னர், கலனின் கூட்டுப்பொருள் உள்ளுறைக்குப் பதில் உலோக உள்ளுறையை இடவும், நைட்ரசு ஆக்சைடு படும் பொருள்களின் ஒவ்வுமையை மேலும் சோதிக்கவும் முடிவெடுத்தது.

இந்தியாவில் அழுத்த வாயு உருளைகள் வாயு உருளை விதிகள், 2016-க்கு உட்பட்டவை. உருளையின் வால்வுகளிலும் இணைப்புகளிலும் எண்ணெயோ அதுபோன்ற மசகோ இடக்கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று.