முதலில் பறவை, பிறகுதான் படம்

காலை நேரத்தில் சிங்கப்பூர்ப் பூங்காக்களுக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராக்களுடன் சிலர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். காட்டுப் பறவைகளைப் படமெடுப்பது நல்ல பொழுதுபோக்கு. அது பொறுமையைக் கற்றுத் தருகிறது. இயற்கையைக் கவனிக்க வைக்கிறது. ஆனால், நாம் நேசிக்கும் பறவைக்கு நாமே எமனாகிவிடக் கூடாது அல்லவா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த பூச்செடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. படம் தெளிவாக வரட்டும் என்று கூட்டை மறைத்திருந்த இரண்டு இலைகளை ஒதுக்கிக் கட்டினேன். அருமையான படம் கிடைத்தது. மறுநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சுகளைக் காணவில்லை. அந்த இலைகள்தாம் காக்கையின் கண்ணிலிருந்து குஞ்சுகளைக் காத்து வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

இருவாட்சிப் பறவையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன கறுப்பு வெள்ளை இருவாட்சி, 1994ஆம் ஆண்டில் புலாவ் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டது. பிறகு அதற்காகச் செயற்கைக் கூட்டுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. இப்போது நகரப் பூங்காக்களிலும் அதைப் பார்க்க முடிகிறது.

பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் நுழைந்து, மண்ணாலும் எச்சத்தாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டுமே மிஞ்சும். அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் அந்த வாரங்களில், ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழமும் பூச்சியுமே உள்ளே இருப்பவற்றுக்கு உணவு. மரத்தடியில் பெருங்கூட்டம் கூடினால் ஆண் பறவை மிரண்டு தூரத்திலேயே நின்றுவிடும். நமக்கு அது அரை மணி நேரக் காத்திருப்பு. உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்கோ பட்டினி!

வேறு சில தவறான வழிகளும் உண்டு. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிறார்கள். தன் இடத்திற்குப் போட்டியாளன் வந்துவிட்டான் என்று நம்பி, பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. வேறு சிலர் இரை வைத்து வரவழைக்கிறார்கள். மீன் மிதக்க வேண்டும் என்பதற்காக அதற்குள் நுரைத் துண்டைச் செருகினால், அது மீனோடு சேர்ந்து கழுகின் வயிற்றுக்குள் போகிறது. சிங்கப்பூரில் 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை பிடிபடுவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? 300 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் இருந்தால் பறவையை நெருங்க வேண்டியதில்லை. காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை வெயில் இதமாக இருக்கும். பறவைகளும் இரை தேடி வெளியே வரும். பறக்கும் பறவையைப் படமெடுக்க, ஷட்டர் வேகத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ அதைவிட வேகமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் சுங்கை பூலோ ஈரநிலப் பகுதிக்குச் செல்லலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடதிசையிலிருந்து வலசை வரும் உள்ளான்களை அங்குள்ள மறைவிடக் குடில்களில் அமர்ந்தபடியே படமெடுக்கலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வரும் பறவைகள் அவை. நல்ல படத்துக்காகக் கைதட்டி அவற்றைக் கிளப்பிவிடாதீர்கள்.

கூடு கண்ணில் பட்டால் விலகி நில்லுங்கள். அது இருக்கும் இடத்தை ஊரெல்லாம் பரப்பாதீர்கள். பறவை உங்களையே உற்றுப் பார்க்கிறதா, விடாமல் கத்துகிறதா? நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு அடி பின்வாங்குங்கள். அப்போதும் அமைதியடையாவிட்டால் அங்கிருந்து புறப்பட்டுவிடுங்கள். இன்று தவறிய படத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தப் பறவை உயிரோடு இருக்க வேண்டும்.