நெல்லில் தொடங்கி நோட்டில் முடங்கும் விரல்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்கள் அல்ல. கெடிலமும் வெள்ளாறும் கலங்கல் நீரோடு கடலை நோக்கி ஓட, சம்பா வயல்கள் நடவு முடிந்து பச்சை பிடிக்கும் மாதங்கள் அவை. பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது, குளிர்ந்த காற்று வீசும் இந்த இரு மாதங்களையும் கூதிர் என்றனர். கடலோரத் தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது. இருந்தும், மழலையர் வகுப்புகள் பலவற்றில் இந்தப் பருவத்துக்கென்று தரப்படும் பயிற்சித்தாள்களில் குளிர்நாட்டு மேப்பிள் இலைக்கும் ஆரஞ்சு நிறப் பூசணிக்கும் குழந்தைகள் வண்ணம் தீட்டுகிறார்கள். சன்னலுக்கு வெளியே சேற்றில் வளை தோண்டும் நண்டைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தை கையால் தொட்டுச் செய்து அறிவதற்கு இந்த வட்டாரத்தில் ஆண்டின் வேறெந்தக் காலமும் இவ்வளவு பொருள்களைத் தருவதில்லை. நவராத்திரிக் கொலுவில் தொடங்கும் இந்தக் காலம் விஜயதசமி, கார்த்திகை தீபம் வழியாகத் தைப் பொங்கல் வரை நீள்கிறது. அதன் தொடக்கத்திலேயே வரும் விஜயதசமி, பள்ளிச் சேர்க்கைக்கு உகந்த நாளாகக் கருதப்படுகிறது. தட்டில் பரப்பிய நெல்லிலோ பச்சரிசியிலோ, பெரியவர் ஒருவர் குழந்தையின் ஆட்காட்டி விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கிறார். விரல் நகரும்போது மணிகள் இருபுறமும் ஒதுங்கிப் பள்ளம் விழுகிறது. விரல் கடந்ததும் ஓரத்து மணிகள் சில சரிந்து கோட்டை மெல்ல மூடுகின்றன. தட்டை ஒருமுறை குலுக்கினால் பிழையும் இல்லை, அழித்த தடமும் இல்லை. மழலைக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அது அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது என்பதே கவலைக்குரியது. அடுத்த வாரமே நான்கு கோடு நோட்டும் பென்சிலும் மூன்றரை வயதுக் குழந்தையின் கைக்கு வந்துவிடுகின்றன. ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதி வருவது வீட்டுப்பாடமாகிவிடுகிறது.

இதில் உள்ள இடர் உடலமைப்பைச் சார்ந்தது. மனித மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை. காதுமடலில் உள்ளது போன்ற மென்மையான குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு உருவாக ஒன்பது வயதுக்கு மேலாகிறது. இரண்டு வயதுக் குழந்தை எழுதுகோலை முழுக் கையால் இறுகப் பற்றுகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இணைந்து தாங்கும் முவ்விரல் பிடி பெரும்பாலும் நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் படிகிறது. அதற்கு முன்பே மெல்லிய பென்சிலால் கோட்டுக்குள் எழுதும்படி வற்புறுத்தினால், குழந்தை விரலை அசைக்காமல் தோளையும் முழங்கையையும் அசைத்து எழுதப் பழகுகிறது; அந்தத் தவறான பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது கடினம். எழுத்தை முன்கூட்டியே தொடங்காவிட்டால் முதல் வகுப்பில் பிள்ளை பின்தங்கிவிடும் என்று கருதும் பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. அவர்களது அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே.

எனினும், காத்திருந்து எழுத வைக்கும் முறை இந்தக் கரைக்குப் புதிதன்று. வீட்டுத் திண்ணையிலோ மரத்தடியிலோ நடந்த திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் பெற்றனர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக் குருவானவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்ந்து அது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1907இல் உரோமில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் வருடி அறியும் முறையை வகுத்தார். அவரே 1939இல் அடையாறுக்கு வந்து, போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். சொரசொரப்பான பரப்பில் விரல் முதலில் எழுத வேண்டும் என்ற அடிப்படையில் இரண்டு முறைகளும் ஒன்றே. கடற்கரையை ஒட்டிய கடலூரில் ஒரு தட்டு மணலுக்குச் செலவும் இல்லை.

மணலுக்கு அடுத்தது களிமண். கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்வோர், முன்பாதி அச்சிலும் பின்பாதி அச்சிலும் தனித்தனியே மண்ணை அழுத்தி, இரண்டையும் பொருத்தி, வெயிலில் காய வைத்துச் சூளையில் சுட்ட பிறகே வண்ணம் தீட்டுகிறார்கள். இத்தொழிலை அருகிருந்து பார்க்க வாய்ப்புள்ள பால்வாடிகள் அதைத் தவறவிடுவது வருத்தத்துக்குரியது. குழந்தைக்கு அச்சு வேண்டியதில்லை. எலுமிச்சை அளவு உருண்டையின் நடுவில் பெருவிரலை அழுத்தி, சுற்றிலும் கிள்ளிக் கிள்ளி உயர்த்தினால் அகல் வந்துவிடுகிறது. தண்ணீர் குறைந்தால் விளிம்பு வெடிக்கிறது. கூடினால் சுவர் சரிந்து அமுங்குகிறது. எவ்வளவு தண்ணீர் போதும் என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, மண்ணே சொல்லிவிடுகிறது. அகலுக்குத் திரி வேண்டும். பஞ்சைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருட்டித் திரிக்கும் வேலை, பின்னாளில் பென்சிலைத் தாங்கப்போகும் அதே தசைகளைப் பழக்குகிறது. விளக்கேற்றுவதும் தீப்பொறி சிதறும் மாவலியைச் சுற்றுவதும் மட்டும் பெரியவர்களுக்கே உரியவை.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் இந்தப் பருவத்தில் பெரும்பாலான வீடுகளின் பேச்சே வயலைப் பற்றியதுதான். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது. மண் நிரப்பிய கொட்டாங்கச்சியில் அதைத் தூவினால் ஒரு வாரத்துக்குள் நாற்று எழும்பிவிடுகிறது. தினமும் நாற்றின் உயரத்துக்கு ஈர்க்குச்சியை ஒடித்து வரிசையாக ஒட்டிவரும் குழந்தை, எண்களை அறியும் முன்பே அளவை அறிகிறது. சிறியதிலிருந்து பெரியது வரை பொருள்களை அடுக்கும் இத்திறனைக் கல்வியாளர் வரிசைப்படுத்தல் என்பர். கொலுப்படியில் பொம்மைகளை அடுக்கும் குழந்தையும் அதையே செய்கிறது. நவதானியங்களைக் கலந்து வைத்து வகை பிரிக்கச் செய்வதும் நல்ல பயிற்சிதான். ஆனால் மூன்று வயதினர் சிறு மணியை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள் என்பதால், அவர்களுக்குப் புளியங்கொட்டையைவிடப் பெரிய பொருள்களையே தர வேண்டும்.

பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டில் சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட பச்சைத் தண்டாகத் தொங்கி, பிறகே நீரில் விழுகிறது. விழுந்து மிதக்கும் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தால் மிதப்பது, மூழ்குவது பற்றிய பாடம் தானாகத் தொடங்கும். அதே காட்டில் எச்சரிக்கைக்குரிய மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரத்தின் இலைகள் உதிருமுன் சிவந்து குழந்தையின் கண்ணைக் கவரும். ஆனால் அதைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் ஏற்படக்கூடும். இலை சேகரிக்கச் சொல்லும் பயிற்சித்தாள் எதிலும் இந்தச் செய்தி இடம்பெறாது. உள்ளூர் அறிந்த ஆசிரியரே சொல்ல வேண்டும்.

மழையில் சளி பிடிக்கும், தேங்கிய நீரில் கொசு வரும் என்ற அச்சம் இருந்தாலும், மேலே கூறியவற்றில் பெரும்பாலானவற்றை வராந்தாவில் செய்துவிடலாம். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வானிலை எச்சரிக்கை வந்தாலே பள்ளிக்கு விடுமுறை என்பது இந்த மாவட்டத்துக்குப் பழகிவிட்டது. அந்த விடுமுறைகளில் கைப்பேசி வழியாக மீண்டும் எழுத்துப் பக்கங்களே அனுப்பப்படுகின்றன. பள்ளி திறந்ததும் விடுபட்ட பக்கங்களை ஈடுகட்ட இரட்டிப்பாக எழுத வைப்பதும் நடக்கிறது. 2022இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், தமிழக அங்கன்வாடிகளின் ஆடிப்பாடி விளையாடு பாப்பா பாடத்திட்டமும் விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கின்றன. ஆயினும் நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியது என்பதைக் கொண்டே வீட்டிலும் பள்ளியிலும் குழந்தை மதிப்பிடப்படுகிறது.

விஜயதசமியிலிருந்து பொங்கல் வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் உள்ளன. புரட்டாசிக்குள் பள்ளி மூலையில் புதைத்த பனங்கொட்டைகள் கிழங்காகித் தோண்டி எடுக்கும் பக்குவத்துக்கு வருவதும் பொங்கலையொட்டித்தான். அந்த மூன்று மாதங்களும் நான்கு கோடு நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நெல், மணல், மண், பஞ்சு, நாற்று என்று விரலைப் பழக்கவும், தையில் அவித்த கிழங்கின் தோலைக் குழந்தைகளே உரித்து, நாரைக் கிள்ளி எடுத்து உண்ணவும் ஒரு பள்ளி முன்வருமானால், பென்சில் பிடிக்கும் பயிற்சியை ஐந்து வயதை நெருங்கும்போது தொடங்கிக்கொள்ளலாம்.