சோளக்காட்டுக்குள் யார் யார்?

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? மழைக்காலத்தில் போனால் இருபுறமும் கரிசல் காடு பச்சைப்பசேல் என்றிருக்கும். அதில் ஆள் நுழைய முடியாத அளவு நெருக்கமாக நிற்பதுதான் நாத்துச்சோளம். இது கதிருக்காக விதைப்பதல்ல, மாட்டுக்காக! நெருக்கி விதைத்தால் தட்டை ஒல்லியாக வளரும். மாடும் மிச்சம் வைக்காமல் தின்னும்.

ஆனால், மாட்டுக்கு முன்பே அங்கே பந்தியில் உட்காருகிறவர்கள் சிலர் உண்டு.

முதல் ஆள் குருத்து ஈ. வீட்டு ஈயைவிடச் சிறியது. பயிர் முளைத்த முதல் சில வாரங்களில் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளே நழுவிப் போய் நடுக்குருத்தை அறுத்துவிடும். சுற்றியுள்ள இலைகள் பச்சையாக இருக்க, குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். மோந்து பார்த்தால்... உவ்வே!

இந்த ஈயைப் பிடிக்க வேளாண்மைத் துறையினர் சொல்லும் வழி என்ன தெரியுமா? கருவாட்டுப் பொறி! ஈரமான கருவாட்டு வாசனைக்கு ஈக்கள் தேடி வந்து மாட்டிக்கொள்ளும். பயிருக்கு ஒரு மாதம் ஆகும் வரை வைத்தால் போதும். (பூனைக்குத் தெரியாமல் வைக்க வேண்டும் என்பது நம் யோசனை!)

அடுத்து தண்டுத் துளைப்பான், சாறு உறிஞ்சும் அசுவினி என்று வரிசையாக வருவார்கள். புது விருந்தாளி அமெரிக்கப் படைப்புழு. 2018ல்தான் இது இந்தியாவில், முதலில் கர்நாடகத்தில், கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்து பெரிய சேதம் செய்தது. சோளத்தையும் விடாது. முகத்தில் தலைகீழான 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அதுதான் ஆள்.

காவலர்களும் உண்டு. பொறிவண்டுக்கு அசுவினி என்றால் அல்வா மாதிரி. கும்பிடுபூச்சி கும்பிட்டபடியே இரையை அமுக்கும். ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும். குஞ்சுகள் பொரிந்ததும் தாய் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டே திரியும்.

மழை பெய்ததும் வெளியே வரும் சிவப்புப் பட்டுப்பூச்சியைத் தீப்பெட்டியில் அடைத்து வைப்பீர்களே, அது பூச்சியே அல்ல! காலை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். பூச்சிக்கு ஆறுதான். இது சிலந்திக்குச் சொந்தக்காரர். சங்கப் பாடல்களில் இதற்கு 'மூதாய்' என்று பெயர். குட்டியாக இருக்கும்போது மட்டும் இதற்கும் ஆறே கால்கள். அப்போது வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு ஓசிச் சவாரி செய்யும், ஓசிச் சாப்பாடும் சாப்பிடும். வளர்ந்த பிறகு மற்ற பூச்சிகளின் முட்டைகளைத் தின்னும்.

இத்தனை பேர் கடித்தால் சோளம் சும்மா இருக்குமா? இளம் சோளப் பயிரில் 'துரின்' என்றொரு பொருள் இருக்கிறது. 1902ல் டன்ஸ்டன், ஹென்றி என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்தது. அரபு மொழியில் சோளத்துக்கு உள்ள பெயரை ஒட்டி இப்படிப் பெயர் வைத்தார்கள். பயிரைக் கடித்து மென்றதும் இதிலிருந்து சயனைடு விஷம் கிளம்பும். பல பூச்சிகள் இதற்குப் பயந்து விலகிவிடும். குருத்து ஈயின் புழுவோ அசருவதே இல்லை!

பாவம், மாட்டுக்குத்தான் ஆபத்து. இளம் சோளத்தை வயிறு நிறைய மேய்ந்தால் மாடு மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். உயிரே போய்விடும். மழை பொய்த்து வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த அடிக்கட்டையில் புதிதாகத் துளிர்க்கும் பயிரிலும் விஷம் அதிகம். மழை குறைந்த நம் வானம் பார்த்த பூமியில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. அதனால்தான் பெரியவர்கள் பூ எடுத்த பிறகே அறுத்துப் போடுகிறார்கள். நன்றாகக் காய வைத்தாலும் விஷம் குறையும்.

லீவு நாளில் மாடு மேய்க்கப் போகும் தம்பி, தங்கைகளே! முழங்கால் உயரச் சோளத்துக்குள் மாட்டை விடாதீர்கள். தப்பித் தவறி மேய்ந்து விழுந்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரிடம் இதற்கு ஊசி மருந்து உண்டு.