ஏடு கட்டும் ஒயின்

ஒயின் செய்யும் ஊர்களில் பெரியவர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது, பீப்பாயை எப்போதும் நிறைத்து வை என்பதைத்தான். மரத்தின் நுண்துளைகள் வழியே ஒயின் மெல்ல மெல்ல ஆவியாகும். மட்டம் இறங்கும் இடத்தில் காற்று வந்து உட்காரும். காற்றோடு காடிப் பாக்டீரியாவும் பெருகினால் பீப்பாய் முழுவதும் புளித்துப் போகும். ஆகவே குறைந்ததைக் குறைந்தவுடன் ஊற்றி நிரப்புவார்கள். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் ஜூரா மலைச்சரிவுகளில், ஒரு வகை ஒயினுக்கு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பீப்பாயை அடைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் விட்டுவிடுகிறார்கள். கெட்டுப்போயிருக்க வேண்டிய அந்த ஒயின், உலகிலேயே நெடுநாள் நிலைக்கும் ஒயின்களில் ஒன்றாக வெளியே வருகிறது. அதன் பெயர் வேன் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின்.

அதைக் காப்பாற்றுவது ஈஸ்ட். திராட்சைச் சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் அதே ஈஸ்ட்தான். சர்க்கரை தீர்ந்ததும் சாதாரண ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படியும். ஜூராவின் ஈஸ்ட் வகைகள் அப்படிச் சாவதில்லை. அவற்றின் செல்சுவர் நீரை விலக்கும் தன்மை கொண்டது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரியமிலவாயுக் குமிழிகளைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து வருகின்றன. காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிவதுபோல, ஒயினின் மேல் மெல்லிய சாம்பல் நிற ஏடு ஒன்று கட்டிக்கொள்கிறது. அங்கே ஈஸ்ட் தன் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொள்கிறது. இனி அதற்கு உணவு சர்க்கரை அல்ல, தான் முன்பு உண்டாக்கிய ஆல்கஹால். மேலிருந்து வரும் ஆக்சிஜனைக் கொண்டு அதை எரித்து உயிர் வாழ்கிறது. வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை ஏடே தின்றுவிடுவதால், கீழே இருக்கும் ஒயினுக்கு மிகச் சொற்பமே போய்ச் சேருகிறது. காவல் காப்பவனே கொஞ்சம் கொஞ்சமாக ஒயினை மாற்றியும் விடுகிறான். இந்த இரட்டை வேலைதான் எனக்கு இதில் பெரும் வியப்பு. ஸ்பெயினின் ஷெரி ஒயினிலும் இதே போன்ற ஏடு உண்டு. ஆனால் அங்கே வழக்கமாகத் தனியாக ஆல்கஹால் சேர்ப்பார்கள். ஜூராவில் எதுவும் சேர்ப்பதில்லை.

ஆல்கஹாலை எரிக்கும்போது ஈஸ்ட் அசிட்டால்டிஹைடு என்ற பொருளை வெளிவிடுகிறது. புதிதாக நறுக்கிய ஆப்பிளின் வாசம் இதனுடையது. இது ஓர் அமிலத்தோடு மிக மெதுவாகச் சேர்ந்து சோட்டலான் என்ற மூலக்கூறாகிறது. அவசரப்படுத்த முடியாத வினை இது. ஆண்டுகள் ஆக ஆகத்தான் சேரும். ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நமக்கு இது புதிய வாசம் அல்ல. வெந்தயத்தின் வாசத்துக்கு முதன்மைக் காரணம் இதே சோட்டலான்தான். வெந்தயக் களி சாப்பிட்ட மறுநாள் வியர்வையிலும் இதே போன்ற மணம் வரும். மேப்பிள் பாகின் வாசத்தோடும் இதற்கு நெருக்கம் உண்டு. 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் பாகு மணம் எங்கிருந்தோ வீசி மக்களைக் குழப்பியது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் வெந்தய விதையைப் பதப்படுத்தும் ஆலையிலிருந்து அது வருகிறது என்று 2009-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்த ஒயினுக்கு ஒரே ஒரு திராட்சைதான்: சாவன்யான். சிறிய காய், தடித்த தோல், கூர்மையான புளிப்பு, தாமதமாகப் பழுக்கும். சாம்பல் நிற மார்ல் மண், அதாவது சுண்ணாம்பு கலந்த களிமண், இதற்குப் பிடித்தது. இந்தக் கொடியின் வயது மலைக்க வைக்கும். பிரான்சின் ஓர்லியான் நகரில் இடைக்காலக் கழிப்பறைக் குழி ஒன்றில் கிடைத்த திராட்சை விதையின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். சுமார் 900 ஆண்டு பழைய அந்த விதை, இன்றைய சாவன்யானோடு மரபணுவில் அப்படியே ஒத்திருந்தது. விதை போட்டு வளர்த்தால் திராட்சை வேறு வகையாக மாறிவிடும் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் குச்சி வெட்டி நட்டே வளர்த்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பியக் கொடிகளின் வேரை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி இதைக் காப்பாற்றினார்கள்.

லூயி பாஸ்டர் வளர்ந்ததும் ஜூரா மண்ணில்தான். ஆர்புவா ஊரில் 1864-இல் ஒரு பழைய காப்பிக் கடையை ஆய்வுக்கூடமாக்கி ஒயினின் நோய்களை ஆராய்ந்தார். வெப்பமூட்டிக் கிருமி நீக்கும் முறை அந்த ஆய்வில் பிறந்தது. 1874-இல் அதன் அருகிலேயே ஒரு திராட்சைத் தோட்டமும் வாங்கினார். ஈஸ்ட் இல்லாமலும் நொதித்தல் நடக்கும் என்று, மறைந்த உடலியல் அறிஞர் கிளோட் பெர்னாரின் குறிப்புகள் 1878-இல் சொன்னபோது, பாஸ்டர் தம் கொடிகளின் மேல் கண்ணாடிக் கூடம் கட்டிச் சில குலைகளைப் பஞ்சால் சுற்றினார். காய்கள் பழுத்தன, ஆனால் நசுக்கி வைத்த சாறு நொதிக்கவில்லை. வெளியே காற்றுபடப் பழுத்தவை நொதித்தன. வாக்குவாதத்துக்கு இதைவிட அழகான விடையை நான் படித்ததில்லை.

சட்டப்படி, அறுவடைக்குப் பின் வரும் ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரை ஒயின் வளர்ந்தாக வேண்டும். அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டின் கீழ். ஒரு லிட்டரில் கடைசியாக மிஞ்சுவது ஏறக்குறைய 62 சென்டிலிட்டர். அதே கொள்ளளவில்தான் கிளாவ்லான் எனப்படும் குட்டைப் புட்டியும் இருக்கிறது. இத்தனை ஆண்டு காற்றோடு பழகிய ஒயின் என்பதால், திறந்த புட்டி வாரக்கணக்கில் கெடாது. 1774-ஆம் ஆண்டு ஆர்புவா புட்டி ஒன்று 2018-இல் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது.

உணவு என்று வந்தால் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. முற்றிய கோம்தே பாலாடைக்கட்டி, ஒரு கைப்பிடி அக்ரூட், அல்லது மொரல் காளானும் கிரீமும் இதே ஒயினும் சேர்த்துச் செய்த கோழி. கிரீமின் கொழுப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கும். அக்ரூட்டின் மணம் ஒயினிலேயே இருக்கிறது. மசாலா போட்ட உணவுக்கு ஒயின் பொருந்தாது என்று பொதுவாகச் சொல்லும் பிரெஞ்சுச் சமையல்காரர்களும், கறிப்பொடி போட்ட உணவுக்கு வேன் ஜோனைத் தயங்காமல் பரிந்துரைப்பார்கள். கறிப்பொடியில் வெந்தயம் இருக்கிறதே!

எல்லாப் பீப்பாயும் தேறுவதில்லை. ஏடு கிழிந்து காடியாகிப் போவதும் உண்டு. அதனால் ஒயினின் அமில அளவை அவ்வப்போது சோதிப்பார்கள். இந்த ஒயினுக்கு மிகப் பெயர்பெற்ற ஷாத்தோ-ஷாலோன் கிராமத்தில், அறுவடைக்கு முன்பே குழு ஒன்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்க்கும். பழம் தரமில்லை என்று தோன்றினால், அந்த ஆண்டு ஊர்ப் பெயரைப் போட விவசாயிகளே மறுத்துவிடுவார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளின் அறுவடையிலிருந்து ஷாத்தோ-ஷாலோன் என்ற பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை.