தோண்டிய மண்ணில் கிடைத்த சிற்பக்கல்

சிங்கப்பூரின் மேற்கே பூன் லே வட்டாரத்தின் அடியில், மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதும் புவியியலாளர் ஜூரோங் படிவம் என்றழைப்பதுமான பாறைத்தொகுதி பரந்து கிடக்கிறது. நகர மையத்தின் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியிலோ, அதே படிவத்திலிருந்து வந்தவையாகக் கருதப்படும் மணற்பாறை உருண்டைகள் கெட்டியான களிமண்ணுக்குள் புதைந்து, சுரங்கம் தோண்டும் பொறியாளருக்குத் தீராத இடையூறாக இருந்துவருகின்றன.

தேசிய அரும்பொருளகத்தின் மறுசீரமைப்பின்போது இக்குன்றிலிருந்து வெளிவந்த மணற்பாறையைத்தான் சிற்பி ஹான் சாய் போர் ‘விதைகள்’ (2006) என்னும் இரு பெரும் விதைப்பருப்புகளாகச் செதுக்கினார். 1943இல் பிறந்து, 1995இல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவர், கரிந்த மரத்துண்டுகளைக் கொண்டு அழியும் காடுகளைப் பற்றிய ‘கருங்காடு’ என்ற படைப்பையும் 2011இல் உருவாக்கினார். குவாரியில் சிற்பி தம் கருத்துக்கேற்ற கல்லைத் தேர்ந்து அளவாக வெட்டி வாங்கலாம். மீட்டெடுத்த கல்லோ தன் விரிசலையும் அளவையும் முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு வருவதால், அதற்கு இணங்கும் வடிவத்தைத் தேடும் பொறுப்பு சிற்பியைச் சேர்கிறது. உருண்டைப் பாறைக்கு விதையின் வடிவத்தைக் கண்டதே ஹான் சாய் போரின் கலைத்திறத்துக்குச் சிறந்த சான்று.

மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் மரமும் சிற்பியிடம் இதே இணக்கத்தைக் கேட்கிறது. லசால் கலைக் கல்லூரியை 1984இல் நிறுவியவரும், அயர்லாந்தில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனானவருமான சகோதரர் ஜோசப் மெக்னலி (1923–2002), தம் தாயகத்தின் சதுப்பு ஓக் மரத்தில் உருவங்களைச் செதுக்கினார். சதுப்பு ஓக் என்பது, மட்கிய தாவரங்கள் நிறைந்த ஈரநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்த மரமாகும். அங்கே ஆக்சிஜன் எட்டாததால் அது அழுகுவதில்லை, மரத்தின் துவர்ப்புச்சத்து நீரிலுள்ள இரும்போடு சேர்வதால் கறுத்துப்போகிறது. வெளியே எடுத்தபின் மிக மெதுவாக உலர்த்தாவிட்டால் வெடித்துவிடும் என்பதால், உளியைத் தொடுவதற்கு முன்பே அது சிற்பியின் பொறுமையைச் சோதிக்கும்.

மீண்டும் கல்லுக்கு வந்தால், சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலிருந்த கருங்கல் குவாரிகள் 1999க்குள் மூடப்பட்டுவிட்ட நிலையில், உள்ளூர்க் கல் சிற்பியின் கைக்கு வர அகழ்வுப் பணிகளே முதன்மையான வழி. ஆகவே, அடித்தளம் தோண்டும் நிறுவனங்கள் நல்ல பாறைகளை உடைத்து நொறுக்குமுன் சிற்பிகளுக்குக் காட்ட வேண்டும். அவற்றில் உருவாகும் சிற்பங்களின் பெயர்ப்பலகையில் ஆண்டோடும் பெயரோடும் கல் கிடைத்த இடமும் பொறிக்கப்பட வேண்டும்.