கம்பளிக்குள் காஞ்சிப் பட்டு

டிசம்பரில் டேராடூன் ராணுவ அணிவகுப்புக்குக் கிளம்பும் தமிழ்ப் பெற்றோருக்கு முதல் போர்க்களம் சூட்கேஸ்தான்

சூட்கேஸில் முதலில் போவது பட்டுப்புடவை. அதன் மேல் முறுக்கு டப்பா, பருப்புப் பொடி, மாவடு பாட்டில். எல்லாம் அடுக்கி முடித்து, மூடியை அழுத்தும்போதுதான் யாருக்காவது ஸ்வெட்டர் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். எப்போதோ ஊட்டிக்குப் போனபோது வாங்கியது. அந்துருண்டை வாசனையோடு பரணிலிருந்து இறங்கும் அது, வாங்கியவருக்கு இப்போது பத்தாது.

டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதெமியில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கிறது. 1932-இல் 40 பேருடன் தொடங்கிய இடம் இது. அந்த நாற்பதில் ஒருவர்தான் பின்னாளில் ஃபீல்டு மார்ஷலாகி, குன்னூரில் கடைசிக் காலத்தைக் கழித்த சாம் மானெக் ஷா. 2024 டிசம்பரில் 456 இந்திய இளைஞர்கள் இங்கிருந்து அதிகாரிகளாக வெளியேறினார்கள். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் பெட்டி கட்டியிருக்கும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அது பெரிய வேலை. மகன் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் தேறியிருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஒரு கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் போதும்.

டேராடூனில் டிசம்பர் நடுவில் விடியற்காலை வெப்பம் 6, 7 டிகிரிக்கு இறங்குவது சகஜம். பகலில் 20-ஐத் தாண்டிவிடும். சென்னையின் டிசம்பர் விடியற்காலைக்கும் டேராடூனின் டிசம்பர் நண்பகலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். சிக்கல் இதில்தான் இருக்கிறது. அணிவகுப்பு காலை 9 மணி வாக்கில் தொடங்கும். விருந்தினர்கள் அதற்கு வெகு முன்பே திறந்தவெளியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். நகரத்திலிருந்து சக்ராதா சாலையில் சுமார் 8 கிலோமீட்டர். அப்படியானால் லாட்ஜை விட்டு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். நடுக்கத்தோடு ஆரம்பிக்கிற காலை, பதினொரு மணிக்கு முதுகைச் சுடும் வெயிலில் முடிகிறது. ஒரே ஒரு தடித்த கோட்டு இதற்கு உதவாது. உள்ளே தெர்மல், அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் சால்வை என்று வெங்காயம் போல உரிக்கத் தோதாகப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

குளிர் டேராடூனில்தான் தொடங்கும் என்று நினைப்பது முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு. சென்னையில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் டெல்லிக்கு ஏறக்குறைய 33 மணி நேரம். மறுநாள் பகல் நாக்பூர் வரை மின்விசிறி தேவைப்படும். இரவு போபாலைத் தாண்டியதும் ஜன்னல் இடுக்கில் ஊசி போலக் காற்று நுழையும். அந்த நேரத்தில் கம்பளியெல்லாம் கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய சூட்கேஸில் கிடக்கும். சால்வையும் குல்லாயும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். டெல்லியிலிருந்து டேராடூனுக்கு சதாப்தியில் ஆறு மணி நேரம். 2023 மே மாதம் முதல் வந்தே பாரத்தும் ஓடுகிறது. மூடுபனி பிடித்துக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும். அதனால் ஒரு நாள் முன்கூட்டியே போய்ச் சேருவது நல்லது.

அந்த ஒரு நாளில் இன்னொரு லாபமும் உண்டு. சென்னையில் கடைசி நேரத்தில் அலைந்து வாங்கும் ஸ்வெட்டர் பெரும்பாலும் பெயருக்குத்தான் ஸ்வெட்டர். டேராடூனின் பல்ட்டன் பஜாரிலும் திபெத்தியர் கடைகளிலும் அந்த ஊர்க் குளிர் தெரிந்தவர்கள் விற்கிறார்கள். பேரம் பேச இந்தி வேண்டியதில்லை, விரல்கள் போதும்.

அப்பாக்களின் பிரச்சினை வேறு. ஆயுள் முழுக்க வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக இருந்தவர், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத் தேடுகிறார். அது இடுப்பில் சேராது. இரவல் கோட்டு வாங்குவதைவிட, நல்ல முழுக்கைச் சட்டையும் அளவாகத் தைத்த ஒரு கோட்டும் மேல். பின்னால் பெண்ணின் கல்யாணத்துக்கும் ஆகும். குரங்குக் குல்லாய் கட்டாயம் வேண்டும். திருநீறு மறைந்துவிடும், புகைப்படத்தில் யாரென்றே தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். காமிரா வரும்போது கழற்றிக்கொள்ளலாம். சளி பிடித்தால் கழற்ற முடியாது.

அம்மாக்களுக்குக் குளிர் காலில் தொடங்குகிறது. பட்டுப்புடவைக்குச் செருப்புதான் என்று பிடிவாதம் பிடித்தால் பாதம் மரத்துப்போகும். மெட்டிக்கு மேல் கம்பளி சாக்ஸ், அதற்கு மேல் மூடிய ஷூ. புடவைக் கரை மறைத்துவிடும், யாரும் பார்க்கப்போவதில்லை. மல்லிகைச் சரம் இரண்டு இரவு ரயிலில் தாங்காது. கனகாம்பரம் ஓரளவு தாங்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே வெண்ணெய் போல உறைந்துவிடும். சீப்பைவிட அதைத் தோண்ட ஒரு ஸ்பூன்தான் அங்கே முக்கியம்.

இத்தனை ஏற்பாடும் சில நிமிடங்களுக்காக. அணிவகுப்பின் முடிவில் இளைஞர்கள் செட்வுட் கட்டடத்தின் படிகளில் மெதுநடையில் ஏறி, பயிற்சி வாழ்க்கையின் கடைசி அடியை எடுத்து வைக்கிறார்கள். ‘அந்திம் பக்’ என்று அதற்குப் பெயர். பிறகு பெற்றோரின் முறை. மகனின் தோள்களில் லெப்டினன்டுக்குரிய நட்சத்திரங்களைச் சூட்டுவது அவர்கள்தான். கையுறையோடு இதைச் செய்ய முடியாது. விறைத்த விரல்களாலும் முடியாது. கையுறையைக் கழற்றிவிட்டு, சால்வைக்குள் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்வெட்டரைக் கழற்றிச் சால்வையைத் தோளிலிருந்து இறக்கும்போதுதான் காஞ்சிப் பட்டு முதல் தடவையாக வெயிலைப் பார்க்கிறது.

2020 ஜூனில் கொரோனா காரணமாகப் பெற்றோருக்கு அனுமதி இல்லை. அந்த முறை நட்சத்திரம் சூட்டிய கைகளில் அம்மாவின் கை இல்லை. குடும்பங்கள் வீட்டிலிருந்தபடி திரையில் பார்த்தன. பெட்டி கட்டும் அலுப்பைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறவர்கள் அந்த ஆண்டின் அம்மாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

திரும்பும்போது சுமை குறைவதில்லை. முறுக்கு டப்பா முதல் நாளே காலி. மகனின் அறைத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி கூடவே வருகிறது. விடுமுறை முடிந்ததும் அவன் தன் படைப்பிரிவில் போய்ச் சேர வேண்டும். அது ராஜஸ்தான் பாலைவனமாகவும் இருக்கலாம், டேராடூன் குளிரை விளையாட்டாக்கிவிடும் ஏதோ ஒரு மலைமுகடாகவும் இருக்கலாம். அங்கே தேவையான கம்பளியை ராணுவமே கொடுத்துவிடும். அது தெரிந்தும், பல்ட்டன் பஜாரில் வாங்கிய மஃப்ளர் ஒன்று ரயில் நாக்பூரைத் தாண்டுவதற்குள் அம்மாவின் கைப்பையிலிருந்து அந்த டிரங்குப் பெட்டிக்கு இடம் மாறிவிடுகிறது.