மண்ணைத் தூற்றும் காற்றும் வானத்துக் கண்ணும்



களத்திலே தூற்றுகிற வேலை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். முறத்திலிருந்து விட்டால் கனமான மணி காலடியில் விழும். பதரும் தூசியும் காற்றோடு தள்ளிப் போகும். இதே வேலையைக் காற்று ஒரு வயலின் மேலேயே செய்தால் என்ன ஆகும்? கனத்த மணல் அங்கேயே தங்கிவிடும். பயிருக்கு வேண்டிய சத்தைப் பிடித்து வைத்திருக்கிற மெல்லிய வண்டல் பறந்து போய்விடும். நெல் போய்ப் பதர் நிற்கிற கதைதான்! புழுதிப் புயலால் வரும் பெரிய நஷ்டம் இது.

ராஜஸ்தானின் மேற்கே தார் பாலைவனம் இருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு மழை சுமார் 20 சென்டிமீட்டர்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை நிலம் காய்ந்து கிடக்கும்போது அடிக்கிற புழுதிப் புயலை அங்குள்ள ஜனங்கள் 'ஆந்தி' என்கிறார்கள். அங்கேயும் நம்மைப் போலக் கம்பும் கொத்தவரையும் போடுகிற குடியானவர்கள்தான்.

இந்தப் புழுதி எங்கே கிளம்புகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாலைவனத்தில் வானிலை நிலையங்கள் தூரத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும். இடையில் நடப்பது அவற்றுக்குத் தெரியாது. இதற்குத்தான் செயற்கைக் கோள் உதவுகிறது.

நம் நாடு 2016-ல் ஏவிய இன்சாட்-3டிஆர், 2024-ல் ஏவிய இன்சாட்-3டிஎஸ் ஆகியவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலுகிற வேகத்துக்கு ஈடாக அவையும் சுற்றுவதால், எப்போதும் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அரை மணிக்கு ஒரு படம் என்று இரவும் பகலும் அனுப்புகின்றன.

'மணல் காட்டின் மேல் மணல் நிறத்துப் புழுதி பறந்தால் படத்தில் எப்படித் தெரியும்? ராத்திரியில் எப்படித் தெரியும்?' என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். பகலில் சூடேறிய பூமியிலிருந்து வெப்பம் கதிராக மேலே போய்க்கொண்டே இருக்கும். வானொலியில் பல அலைவரிசைகள் இருப்பது போல இந்த வெப்பக் கதிரிலும் உண்டு. அவற்றில் இரண்டைச் செயற்கைக் கோள் தனித்தனியாக அளக்கிறது. மண் தூசி முதல் அலைவரிசையை அதிகம் தடுக்கும். உயரத்து மெல்லிய மேகமோ இரண்டாவதை அதிகம் தடுக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால் இது புழுதி, இது மேகம் என்று பிரிந்துவிடும். கம்ப்யூட்டர் அதற்கு ஒரு நிறம் கொடுத்துக் காட்டும்.

படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் புழுதி எங்கே கிளம்பியது, எங்கே நகர்கிறது என்பது புரியும். காற்றின் கணக்கையும் சேர்த்து வரப்போகும் நாட்களுக்கு முன்னறிவிப்பு சொல்லலாம். அறுத்த கோதுமையைக் களத்திலிருந்து எடுக்கவும், மாடுகளைக் கொட்டிலில் கட்டவும் அவகாசம் கிடைக்கும்.

ஆனால் எல்லாம் இதனால் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. புழுதிக்கு மேலே மேகம் மூடியிருந்தால் இந்தக் கண்ணுக்குத் தெரியாது. இடி மேகத்திலிருந்து திடீரென்று இறங்குகிற காற்று கிளப்பும் ஆந்தி சில மணி நேரத்தில் வந்து போய்விடும். 2018 மே 2-ம் தேதி இரவு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அப்படி அடித்த புயலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் வீடும் சுவரும் விழுந்தன. இப்படிப்பட்ட காற்றுக்கு ரேடார் தரும் கடைசி நேர எச்சரிக்கையும் வேண்டும். அதைக் கேட்டவுடன் மரத்தடியையும், மின் கம்பத்தையும், பலமில்லாத சுவரையும் விட்டு விலகுவது அதைவிட முக்கியம்.

இன்னொரு பயனும் உண்டு. பல வருஷப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் திரும்பத் திரும்பப் புழுதி கிளம்புகிற இடங்கள் தெரியவரும். வற்றிப்போன ஏரிப் படுகை, ஆடுமாடு மேய்ந்து மொட்டையான புறம்போக்கு, புழுதி உழவு போட்டுச் சும்மா கிடக்கிற காடு, இவைதான் பெரும்பாலும். எங்கே முதலில் வேலை செய்ய வேண்டும் என்பதை வானத்துக் கண் காட்டிவிடுகிறது. மண்ணைப் பிடித்து நிறுத்துவது நம் கை வேலை.

அந்த வேலையை ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் பல காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. காற்று வரும் திசைக்குக் குறுக்கே வரிசையாக மரம் வைப்பது, கம்பை அறுக்கும்போது தாளை ஒரு முழம் விட்டு அறுப்பது, கோடையில் மணல் நிலத்தைத் தேவையில்லாமல் உழாமல் இருப்பது, இவைதான் வழிகள். அங்கே வயலுக்கு நடுவே வெட்டாமல் விட்டுவைக்கிற மரம் எது தெரியுமா? நம் ஊர்க் கோயில்களில் நிற்கிற வன்னி மரம்தான்! தழை ஆட்டுக்குத் தீனி. அடியிலே பயிரும் விளையும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மணல் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் நன்றாக விளங்கும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, வெறுமனே கிடக்கிற நிலத்தில் மேல்மண் பறக்கும். அதனால் காற்றுக் காலம் வருவதற்குள் உங்கள் நிலத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மொட்டையாகக் கிடக்கிற இடத்தில் தாளையோ, தழையையோ, ஒரு மரக்கன்றையோ நிறுத்திவையுங்கள்.